சூதும் சுற்றமும்

பொருளை இழந்தவனுக்குப் பொருள் கொடுத்து உதவுவது அறம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அப்பொருளைச் சூதில் இழந்தவனுக்கும் அவ்வாறே உதவுவது அறமாகுமா? பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வந்து வாழும் நமக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. உடன்பிறந்தார் அருகில் இல்லாத இடத்தில் அலுவலக நண்பரும் அடுத்த வீட்டாரும் சங்கத்து அன்பருமே சுற்றம். கடன்பட்டவர் வந்து நிற்பது அவர்கள் வாசலில்தான்.

பாரதக் கதையில் நாடும் தம்பியரும் தானும் மனைவியுமாக அனைத்தையும் தோற்ற தருமனுக்குத் திருதராட்டிரன் யாவற்றையும் திருப்பிக் கொடுத்தான். பாஞ்சாலி பட்ட துயரோடு நம் நினைவு நின்றுவிடுகிறது. அதன்பின் நிகழ்ந்ததை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மீண்டும் அழைப்பு வந்தது. தருமன் மீண்டும் சென்று ஆடினான். பன்னிரண்டு ஆண்டுக் காடும் ஓராண்டுக் கரந்துறைவும் அந்த இரண்டாம் ஆட்டத்தின் விலை. இழந்த பொருள் கைக்கு வந்தது. அழைப்பை மறுக்கும் வலிமை வரவில்லை.

'விட்டதைப் பிடிக்க வேண்டும்' என்பது சூதாடிகளின் பேச்சு. இழப்பே அடுத்த ஆட்டத்திற்குக் காரணமாகிவிடும் கொடுமை இச்சொற்களில் அடங்கியிருக்கிறது. மும்பையில் முன்பு நியூயார்க் பருத்திச் சந்தையின் விலைகள் மீது பந்தயம் கட்டினர். பின்னர்ச் சீட்டு எடுக்கும் பானையின் பெயரால் அது 'மட்கா' ஆயிற்று. சில்லறைக் காசிலும் ஆட இயன்றதால் ஆலைத் தொழிலாளரின் கூலியும் அதில் கரைந்தது. தமிழக அரசே 1968இல் தொடங்கிய பரிசுச்சீட்டு 2003இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கைப்பேசிக்குள் ரம்மி வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025இல் நிறைவேற்றியது. சட்டம் கடையை அடைக்கலாம், வேட்கையை அடைத்துவிடாது.

புலம்பெயர்ந்தோரிடம் இந்நோய் மறைவாகவே வளர்கிறது. மாலைப்பொழுதின் தனிமை ஒருபுறம். 'பிள்ளை வடக்கே நல்ல வேலையில் இருக்கிறான்' என்று ஊரார் சொல்லும் பெயர் மறுபுறம். அரசு ஊழியருக்கோ, ஓயாக் கடனுக்கு ஆளாகாமல் தம் வாழ்வை நடத்த வேண்டும் என்று 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 17ஆம் விதி கூறுகிறது. எனவே கடன் ஏற ஏற வாய் மூடிக்கொள்கிறது. மனைவிக்குச் செய்தி எட்டும்போது நகை அடகுக்கடையில் இருக்கும். ஜாமீன் கையெழுத்திட்ட நண்பரின் சம்பளத்திலும் பிடித்தம் தொடங்கியிருக்கும்.

அப்போது இரு குரல்கள் எழுகின்றன. 'செய்த வினையை அவனே அனுபவிக்கட்டும்' என்பது ஒன்று. ஆனால் அவனோடு சேர்ந்து அனுபவிப்பவர் குற்றமற்ற மனைவி மக்கள். 'வெளியே தெரியாமல் கடனை அடைத்துவிடுவோம்' என்பது மற்றொன்று. இது திருதராட்டிரன் கொடை. இரண்டாம் ஆட்டத்திற்கு முதலாகும். முன்னதில் இரக்கமில்லை, பின்னதில் தெளிவில்லை.

வள்ளுவர் 94ஆம் அதிகாரத்தைச் சூதிற்கு வகுத்தார். அதனை அடுத்து நிற்பது 'மருந்து'. இவ்வைப்புமுறை நம் சிந்தனைக்கு உரியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இலேயே கட்டுக்கடங்காச் சூதாட்டத்தை நோய்ப்பட்டியலில் சேர்த்தது. நோய் என்று கொண்டால் பொறுப்பு நீங்கிவிடுமோ என்று சிலர் அஞ்சுவர். நீங்காது. நீரிழிவு உடையவர் இனிப்பை விலக்கும் கடமையிலிருந்து விடுபடுவதில்லை. எனினும் அவரை நாம் இழிவாக நோக்குவதுமில்லை.

வளர்ந்த ஒருவரின் கையைப் பிடித்துத் தடுக்க நமக்கு உரிமை உண்டா என்றும் கேட்கலாம். தமிழரும் வாழும் சிங்கப்பூரில் 2010இல் இரு சூதாட்ட மாளிகைகள் திறக்கப்பட்டன. அங்கே குடும்பத்தினரே விண்ணப்பித்து ஒருவரை அம்மாளிகைகளுக்குள் நுழையாமல் தடுக்க வழியுண்டு. ஒருவரின் ஆட்டத்தால் வீடே பசிக்கும்போது, அவரது விருப்பம் அவருடையது மட்டுமாக இருப்பதில்லை என்பதே இதன் கருத்து.

ஆகவே உதவுவோர் பணத்தை ஆடியவர் கையில் கொடுத்தல் ஆகாது. வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் உரியவரிடம் நேரே சேரட்டும். சம்பளக் கணக்கு சில காலம் மனைவியின் பொறுப்பில் இருக்கட்டும். புதிய கடனுக்கு ஜாமீன் மறுப்பது பகையன்று, நட்பே. மருத்துவரிடம் உடன் செல்வது பணத்தினும் பெரிய உதவி. மைய அரசு 2022இல் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சங்கங்கள் விழா எடுப்பதோடு அமையாமல், துயருற்றவர் தலைகுனியாது வந்து பேசத்தக்க இருவர் மூவரையேனும் அமர்த்துதல் வேண்டும். கேட்டதை வெளியிடாத வாயும், கேட்டவுடன் பணம் நீட்டாத கையும், இடையில் கைவிடாத மனமும் அவர்க்கு இருத்தல் வேண்டும். சுற்றம் என்னும் சொல்லுக்குச் சூழ்ந்து நிற்பது என்பது பொருள். வீழ்ந்தவரைச் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்ப்பதும் எளிது. விலகிச் செல்வதும் எளிது. அவர் தாமே எழுந்து நிற்கும்வரை சூழ்ந்து நிற்பதே சுற்றத்தின் கடன்.