உள்ளே விட்ட துணி

"அக்கா, உங்க சைஸ் வராதுக்கா."

கிள்ளானில் ஒரு துணிக்கடை. கடைப்பெண் ஹேங்கர்களை நகர்த்திக்கொண்டே சொன்னாள். கடுமையாகச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். "பரவால்லமா, சாரி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. உடை இல்லாதது அவர்களிடம். மன்னிப்புக் கேட்டது நான். இந்தக் கணக்கு எங்கே தவறியது?

என் உடம்புக்கு வீட்டில் காலத்துக்கொரு பெயர் இருந்தது. ஐந்து வயதில் 'பூசின மாதிரி இருக்கா'. பதினைந்தில் 'நல்லா வளர்ந்துட்டா'. இருபத்தைந்தில் 'கொஞ்சம் கொறைக்கலாமே'. இப்போது முப்பத்து நான்கு. யாரும் எதுவும் சொல்வதில்லை. கடைக்குப் போனால் மட்டும் என் பக்கம் கருநீலத்தையும் பழுப்பையும் தள்ளிவிடுவார்கள். "டார்க் கலரா எடும்மா, ஒல்லியாக் காட்டும்."

இதையே நான் மற்றவர்களுக்கும் செய்திருக்கிறேன். போன தீபாவளிக்குப் பெரியம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போனபோது மாம்பழ மஞ்சளில் ஒரு சேலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வேணாம் பெரியம்மா, பெருசாக் காட்டும்" என்றேன். ஒன்றும் பேசாமல் மடித்து வைத்துவிட்டார். கருநீலம் வாங்கினோம்.

உடை உடம்புக்குப் பொருந்த வேண்டுமா, உடம்பு உடைக்குப் பொருந்த வேண்டுமா? கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம். வாழ்வது மட்டும் நேர்மாறாக. பொருந்தாதபோது நாம் குறை காண்பது துணியில் இல்லை, வயிற்றில். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

உடையில் ஒட்டியிருக்கும் அந்த எண்ணுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1939-40இல் அமெரிக்க அரசு ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள். வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேரவில்லை. 1941இல் அறிக்கை வந்தது. அதை அடிப்படையாக வைத்து 1958இல் ஒரு தர அளவுப் பட்டியலை வெளியிட்டார்கள். அதில் 8ஆம் எண் என்றால் மார்பு 31 அங்குலம். 2011இல் வந்த இன்னொரு அமெரிக்கப் பட்டியலில் கிட்டத்தட்ட அதே மார்பளவுக்கு எண் என்ன தெரியுமா? இரட்டைப் பூஜ்ஜியம். வாங்குபவர் மனம் குளிரட்டும் என்று இடைப்பட்ட காலத்தில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. அதே உடம்பு 1958இல் எட்டு, இன்று ஒன்றுமில்லை. மர்லின் மன்றோ பெரிய சைஸ் போட்டவர் என்று நமக்கு ஆறுதல் சொல்பவர்களும் இதை மறந்துவிடுகிறார்கள். அன்றைய எண் வேறு, இன்றைய எண் வேறு. அதைத்தான் நாம் ஏதோ இரத்தப் பரிசோதனை முடிவு மாதிரி நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் படித்தேன். 1947 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டியான் டியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். அதில் புகழ்பெற்றது 'பார்' என்ற ஜாக்கெட். சிறுத்த இடை, அகன்ற இடுப்பு. அந்த இடுப்பு வருவதற்காக ஜாக்கெட்டுக்குள் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். ஒல்லியான பெண்ணின் இடுப்பில் பஞ்சு வைத்தால் அது கலை. என் இடுப்பில் இயற்கையாகவே இருந்தால் அது 'மறைக்க வேண்டிய இடம்'. ஆக, வளைவு யாருக்கும் பிரச்சினை இல்லை. அதைக் கழற்றி வைக்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊரில் சலோமா இருந்தார். பி. ரம்லியின் மனைவி, பாடகி. அவர் பெயரைச் சொன்னாலே உடம்போடு ஒட்டி நிற்கும் கெபாயாதான் கண்முன் வரும். அந்தப் பழைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். இவர் எதையும் ஒளிக்கவில்லை, யாரிடமும் சாரி கேட்கவும் இல்லை.

பண்டல் கடைகளுக்குப் போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளுக்கு நடுவில் சில நேரம் பெரிய வடிவமைப்பாளர்களின் உடைகளும் கிடைக்கும். ஆனால் பழைய உடைகள் எல்லாமே சின்னச் சின்னதாக இருந்தன. அந்தக் காலத்துப் பெண்கள் எல்லோரும் கொடி மாதிரி இருந்தார்களோ என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அப்படி இருக்க வாய்ப்பில்லை. பெரிய உடையில் துணி அதிகம். கிழியும்வரை போடுவார்கள், பிறகு வெட்டிப் பிள்ளைக்கு ஒன்று தைப்பார்கள். சின்ன உடையை அப்படிச் செய்ய முடியாது. போட்டவளுக்கும் ஒருநாள் பற்றாமல் போகும். பற்றாத உடை தேயாது, அலமாரியில் அப்படியே இருக்கும். நமக்குக் கிடைக்கும் பழமை பெரும்பாலும் பற்றாமல் போனவற்றின் மிச்சம்தான்.

ஒருநாள் எண்பதுகளின் பாணியில் ஒரு கம்பளி ஜாக்கெட் கிடைத்தது. தோளில் பஞ்சு வைத்து, உள்ளே பட்டு லைனிங் போட்ட அருமையான வேலை. விலை 35 ரிங்கிட். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. முன்பக்கம்தான் நான்கு விரல் இடைவெளியில் மூட மறுத்தது. தெங்கு கிளானா சாலைப் பக்கம் எனக்குத் தெரிந்த தையல்கார அண்ணனிடம் கொண்டுபோனேன்.

"தோள் சரியா இருக்குல்ல? அப்ப மத்ததெல்லாம் பேசித் தீத்துக்கலாம்மா. தோளும் கைக்குழியும் தப்பாப் போச்சுன்னாதான் கஷ்டம், முழுசாப் பிரிக்கணும். இடுப்பு, நீளமெல்லாம் சின்ன வேல."

"முன்னால மூடலியே அண்ணே?"

"மூடணும்னு யாரு சொன்னா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தோள் பஞ்சை மட்டும் எடுத்துக் கொடுத்தார். கெபாயாவுக்குப் பொத்தான் கிடையாது, கெரோங்சாங் என்ற மூன்று ஊசிகளைச் சங்கிலியால் கோத்துப் பூட்டுவார்கள். பசாரில் ஒரு பழைய கெரோங்சாங் வாங்கி ஜாக்கெட்டின் இரண்டு ஓரத்திலும் குத்தினேன். சங்கிலி அந்த நான்கு விரல் இடைவெளியில் தொங்கியது. பற்றாத இடமே அந்த உடையின் அழகாகிவிட்டது. அலுவலகத்தில் இரண்டு பேர் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது ஜாக்கெட் இல்லை, ஒரு ரவிக்கை.

சித்தி மகள் கல்யாணத்துக்கு எனக்கு உடை அமையவில்லை என்று தெரிந்ததும் பெரியம்மா தன் இரும்பு அலமாரியைத் திறந்தார். 1976இல் அவருடைய கல்யாணத்துக்கு மஸ்ஜித் இந்தியாவில் எடுத்த அரக்குக் காஞ்சிப் பட்டு. கூடவே மயில்கழுத்து நிறத்தில் முழங்கைவரை கை வைத்த ரவிக்கை. சேலை பிரச்சினையே இல்லை. சேலைக்கு ஏது சைஸ்? கட்டுகிறவள்தான் அதன் அளவு. ரவிக்கைக்கு மட்டும் அளவு உண்டு.

"ரெண்டாவது புள்ள பொறந்தப்புறம் இது பத்தல. எளைச்சிட்டுக் கட்டலாம்னு எடுத்து வச்சேன்" என்றார்.

இரண்டாவது பிள்ளை பிறந்தது 1980இல். அப்போதிலிருந்து அந்தப் பட்டு இளைத்த பெரியம்மாவுக்காகக் காத்திருக்கிறது. ரவிக்கை பற்றாததால் சேலையையும் கட்டவில்லை. வேறு ரவிக்கை தைத்திருக்கலாமே என்று கேட்டேன். "அப்படித் தச்சா எளைக்கவே மாட்டேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமேன்னு விட்டுட்டேன்" என்றார். குடும்பப் படங்களில் பெரியம்மா எப்போதும் பின்வரிசையில், யாருடைய குழந்தையையாவது முன்னால் பிடித்தபடி நிற்பார். குழந்தை மேல் பாசம் என்றே நினைத்திருந்தேன்.

ரவிக்கையை உட்புறம் திருப்பினேன். பக்கத் தையலுக்கு அந்தப் புறம், இரண்டு பக்கமும், இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடித்து விடப்பட்டிருந்தது. வெளியே நிறம் மங்கியிருக்க, உள்ளே மடிந்திருந்த துணி மட்டும் 1976ஆம் ஆண்டின் மயில்கழுத்து நிறத்திலேயே இருந்தது.

அதைத் தைத்தவர் யாரென்று பெரியம்மாவுக்கு நினைவில்லை. ஆனால் அவர் ஒரு விஷயம் தெரிந்தவர். உடம்பு மாறும். ஏன் மாறும், எந்தப் பக்கம் மாறும், மாறலாமா கூடாதா என்று அவர் கேட்கவில்லை. இடம் விட்டார், அவ்வளவுதான். இன்றைய ஆயத்த ஆடையில் அந்த இடம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம். துணி மிச்சம் என்பது தொழிற்சாலைக்குப் பணம். பெரிய அளவுகள் வராததற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. சின்ன அளவில் வரைந்த மாதிரியை அப்படியே ஊதிப் பெரிதாக்கினால் கைக்குழி தொங்கும், தோள் சரியும். பெரிய உடம்புக்கு மாதிரியையே புதிதாக வரைய வேண்டும். அந்தச் செலவை அவர்கள் செய்யவில்லை. அதன் வெட்கத்தை மட்டும் நாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம்.

தையல்கார அண்ணன் பக்கத்தைப் பிரித்து விட்டார். பழைய ஊசித்துளைகளும் நிற வித்தியாசமும் தெரியும் என்று முன்பே எச்சரித்தார். தெரிந்தன. அப்படியும் கை ஏறவில்லை. "இதுக்கு மேல வெட்டணும். பழைய பொருள், எனக்கு மனசு வரல" என்றார்.

எனக்கும் வரவில்லை. 1976ஐ வெட்டலாமா? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பக்கத்து வீட்டு மாக் சிக்கிடம் காட்டினேன். அவர் பாஜு கூரோங் தைப்பவர். ரவிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கெகேக் வைத்தால் போதும் என்றார் மலாயில். பாஜு கூரோங்கின் கக்கத்தில் வைக்கும் சின்னச் சதுரத் துண்டுதான் கெகேக். கையைத் தூக்க, மூச்சு விட, வளர, அது இடம் கொடுக்கும். பக்கவாட்டில் வைக்கும் நீளத் துண்டுக்குப் பெசாக் என்று பெயர். அந்த உடையின் வடிவத்திலேயே இடம் விடுவது ஒரு பகுதியாக இருக்கிறது. மாக் சிக் எதையும் வெட்டவில்லை. பிரித்த இடத்தில் மெல்லிய பாத்தேக் துண்டுகளைச் சேர்த்தார். மயில்கழுத்துக்கு நடுவில் சிவப்புப் பூ. "மறைக்கணுமா, தெரியணுமா?" என்று கேட்டார். தெரியட்டும் என்றேன்.

இதையெல்லாம் பார்த்த அம்மா, "உடம்பே ஒரு வாடகை வீடு, அதுக்கு எதுக்குடி இத்தனை?" என்றார். அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அழகு நிலைக்காது, அலங்காரம் ஒரு போதையாகவும் ஆகலாம். ஆனால் வாடகை வீட்டுக்கும் நாம் திரைச்சீலை போடுகிறோம்தானே? மேலும், உடம்பு முக்கியமில்லை என்று உண்மையிலேயே நினைத்தால், அதை ஒளிக்கச் சொல்லி ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறோம்?

இன்னொரு பக்கம், 'உன் உடம்பை நேசி' என்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் அதுவும் எனக்கு ஒரு கட்டளையாகத்தான் கேட்கிறது. முன்பு இளைக்காததற்குக் குற்ற உணர்வு, இப்போது நேசிக்காததற்கு. சில நாள் என் உடம்பு எனக்குப் பிடிக்கும், சில நாள் பிடிக்காது. இரண்டு நாளும் எனக்குச் சட்டை வேண்டும். உடல்நலத்தைச் சொல்பவர்களுக்கும் இதுதான் பதில். அடுத்த வருஷம் இளைக்கப் போகிறவளும் இந்தச் சனிக்கிழமை கல்யாணத்துக்கு வர வேண்டும்.

அதனால் இதை அழகின் கேள்வியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. இது இடத்தின் கேள்வி. ஒருவர் எப்படி ஆகியிருந்தாலும் வந்து உட்கார இடம் வைத்திருக்கிறோமா? அந்த இடத்தைத் தனக்கென்று கேட்கவும் கூச்சப்படும்படி ஒருவரை ஆக்கிவிட்டோமா? பெரியம்மாவை நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு ரவிக்கையின் முன் காத்திருக்க வைத்ததில் தொழிற்சாலைக்குப் பங்கில்லை. அதைச் செய்தவர்கள் நாங்கள், அவரைச் சுற்றியிருந்தவர்கள். கடைசியாக அந்தத் துணிக்கடையில் செய்தது நான்.

கல்யாணத்தன்று அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். கை தூக்கும்போதெல்லாம் சிவப்புப் பூ தெரிந்தது. ஓர் அத்தை, "ஒட்டுப் போட்ட ரவிக்கையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெரியம்மா கருநீலத்தில் வந்திருந்தார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் கையைப் பிடித்துத் தூக்கி, கக்கத்துத் துண்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"உள்ள துணி இருந்திருக்கு பாரேன். அப்பவே பிரிச்சிருக்கலாம்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பாயசம் வந்தது. அதைக் குடித்து முடித்தபிறகு, வேறு எதையோ பேசுவதுபோலக் கேட்டார்.

"அந்த மஞ்சச் சேல இன்னும் அந்தக் கடையில இருக்குமா?"