பெருக்கிப் பார்க்காமலே தெரியவரும் எண்

1 முதல் 100 வரையுள்ள முழு எண்கள் அத்தனையையும் ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண்ணை 100! என்று எழுதுகிறோம். ஆச்சரியக்குறியை இதற்கு அடையாளமாக வைத்தவர் கிறிஸ்தியான் கிராம்ப், 1808-இல். விரித்து எழுதினால் 158 இலக்கங்கள் வரும். கணினியில் நொடியில் கிடைத்துவிடும்தான். ஆனால் பெருக்கிப் பார்க்காமலே இதைப் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேச முடிகிறது என்பதில்தான் எனக்குத் தீராத வியப்பு.

கடைசியில் எத்தனை பூஜ்யங்கள் இருக்கும்? ஒரு 2-உம் ஒரு 5-உம் சேர்ந்தால் ஒரு பூஜ்யம். நூறுக்குள் 5-இன் மடங்குகள் 20. அவற்றில் 25, 50, 75, 100 ஆகிய நான்குக்குள் இன்னொரு ஐந்தும் இருக்கிறது. ஆக 24 ஐந்துகள். இரண்டுகளுக்குப் பஞ்சமே இல்லை: 50, 25, 12, 6, 3, 1 என்று கூட்டிக்கொண்டு போனால் 97. எனவே பூஜ்யங்கள் சரியாக 24, ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

இதே வழியில் நூறுக்குள் இருக்கும் 25 பகா எண்களும் எத்தனை எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கை ஒவ்வொன்றோடும் 1 கூட்டி, எல்லாவற்றையும் பெருக்கினால் 100!-இன் வகுத்திகள் எத்தனை என்பது கிடைக்கும்: சுமார் 390 கோடி கோடி.

இத்தனை வகுத்திகள் கொண்ட எண் ஒரு முழு வர்க்கமாக இருக்குமா? வர்க்க எண்ணில் எந்தப் பகா எண்ணும் இரட்டைப்படை முறைதான் வரும். 97-ஐப் பாருங்கள். அதன் அடுத்த மடங்கு 194, நூறைத் தாண்டிவிட்டது. எனவே 97 ஒரே ஒரு முறைதான் வருகிறது, 100! வர்க்கமில்லை. 100-க்குப் பதில் வேறு எந்த எண்ணை எடுத்தாலும் இந்த வாதம் நிற்குமா? அந்த எண்ணுக்கும் அதன் பாதிக்கும் இடையே ஒரு பகா எண் எப்போதும் இருந்தாக வேண்டும். இருக்கும் என்று 1845-இல் பெர்த்ரான் ஊகித்தார். 1852-இல் செபிஷேவ் நிறுவினார். அதற்கு இன்னும் எளிய நிரூபணத்தை இரண்டே பக்கங்களில் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் தந்தவர் இராமானுஜன். ஆண்டு 1919, இங்கிலாந்திலிருந்து அவர் நோயோடு ஊர் திரும்பிய ஆண்டு. 1-ஐ விட்டால், இப்படிப் பெருக்கிவரும் எந்த எண்ணும் வர்க்கமாகாது என்பது அதிலிருந்து உடனே கிடைத்துவிடுகிறது.

இனி 100!-க்கு அடுத்தடுத்த எண்களுக்குப் போவோம். 100! + 2 என்பதை 2 வகுக்கும், 100! + 3 என்பதை 3 வகுக்கும். இப்படியே 100! + 100 வரை 99 எண்கள் வரிசையாக நிற்கின்றன, நடுவில் ஒரு பகா எண்கூடக் கிடையாது.

விடுபட்டது 100! + 1. நூறு வரையுள்ள எந்த எண்ணால் வகுத்தாலும் (1-ஐத் தவிர) மீதி 1 வரும். அதனால் இது பகா எண்ணாக இருக்குமோ என்று தோன்றும். 101-ஆல் வகுத்துப் பார்ப்போம். 2 × 51 = 102, மீதி 1. 3 × 34 = 102, மீதி 1. 4 × 76 = 304, அதிலும் மீதி 1. 101 ஒரு பகா எண் என்பதால் 2 முதல் 99 வரையுள்ள ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரே ஒரு ஜோடி உண்டு. தனக்குத்தானே ஜோடி ஆவன 1-உம் 100-உம் மட்டுமே. ஆக மொத்தப் பெருக்கலை 101-ஆல் வகுத்தால் 100 மீதி. அதோடு 1 கூட்டினால் மீதியே இல்லை. எந்தப் பகா எண்ணுக்கும் இப்படி நடக்கும் என்பது வில்சன் தேற்றம். 1770-இல் வாரிங் அதை வெளியிட்டார், மறு ஆண்டே லக்ராஞ்சு நிறுவினார். 100! + 1 என்பதை 101 வகுத்துவிடுவதால் அந்த வரிசை 99-இல் நிற்கவில்லை, முழுசாக நூறு.