மறைந்த பள்ளித் தோழனுக்கு நாம் பட்ட கடன்



இறந்துபோன பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் நாம் ஆற்றவேண்டிய கடமைகளைத் திருச்சபையும் ஊர் வழக்கமும் தெளிவாக வகுத்துத் தந்துள்ளன. முப்பத்தோராம் நாள், ஆண்டு நினைவுத் திருப்பலி, நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலையில் ஏற்றும் மெழுகுதிரி என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஆனால், பதினெட்டு இருபது வயதில் கண்மூடிவிட்ட பள்ளித் தோழனுக்கு? அவனது மரண அறிவித்தலில் நமது பெயர் இடம்பெறுவதில்லை. அவனுடைய நினைவு நாளை நடத்தும் உரிமையும் நமக்கில்லை. எனினும், தலை நரைத்த பின்னரும் அவன் நம் மனத்தை விட்டு அகல்வதில்லை. அவனுக்கு நாம் பட்ட கடன் ஏதேனும் உண்டா? உண்டெனில் அதனை எவ்வாறு தீர்ப்பது?

பள்ளி நட்பு ஆராய்ந்து தேர்ந்துகொண்ட நட்பன்று. இடாப்பில் பெயர்கள் அடுத்தடுத்து நின்றமையாலோ, ஒரே வாங்கில் இடம் கிடைத்தமையாலோ, ஒரே ஒழுங்கையால் வீடு திரும்பியமையாலோ அது முளைக்கின்றது. பட்டமும் பதவியும் வந்து சேருமுன், நாம் யார் என்பது நமக்கே விளங்காத காலத்தில் நம்மை அறிந்தவன் அவன். நம் வீட்டார் அறியாத நமது அச்சங்களை அவன் அறிந்திருந்தான். அவன் வீட்டார் அறியாத அவனது ஆசைகளை நாம் அறிந்திருந்தோம். ஆகவே அவன் மறையும்போது, அவனைப் பற்றிய சாட்சியத்தின் ஒரு பகுதி நம்மிடம் மட்டுமே எஞ்சி நிற்கின்றது.

ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் இத்தகைய சாட்சியம் ஒன்றை எழுதி வைத்தவர் புனித அகுஸ்தீனார். இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் 354ஆம் ஆண்டு பிறந்த அவர், ஏறக்குறைய இருபத்திரண்டு வயதில் அதே ஊரில் ஆசிரியராய் இருந்தார். அங்கே அவருக்கு ஓர் உயிர்த் தோழன் வாய்த்தான். இருவரும் சம வயதினர். சிறுவயதில் ஒன்றாய்ப் பள்ளிக்குச் சென்றவர்கள், ஒன்றாய் விளையாடியவர்கள். அக்காலத்தில் மானிக்கேயக் கொள்கையில் மயங்கியிருந்த அகுஸ்தீனார், கிறிஸ்தவ நம்பிக்கையில் வளர்ந்த அத்தோழனையும் தம் வழிக்கே இழுத்துவிட்டார்.

ஒருநாள் அத்தோழன் கடுங்காய்ச்சலில் விழுந்து நினைவிழந்தான். பிழைக்கமாட்டான் என்று அஞ்சியவர்கள் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவன் கண் விழித்ததும், “உனக்கு நினைவில்லாதபோது என்ன செய்துவிட்டார்கள், பார்த்தாயா” என்னும் பாங்கில் அகுஸ்தீனார் கேலி பேசினார். தோழனும் சேர்ந்து சிரிப்பான் என்பது அவர் எண்ணம். அவனோ ஒரு பகைவனைக் கண்டாற்போல் வெருண்டான். தன் நண்பனாய் இருக்க விரும்பினால் இத்தகைய பேச்சை நிறுத்திவிடும்படி துணிந்து கூறினான். சுகமடையட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அகுஸ்தீனார் இருந்துவிட்டார். சில நாட்களில் காய்ச்சல் திரும்பி வந்தது. அவர் அருகில் இல்லாத வேளையில் தோழன் இறந்துபோனான்.

அதன்பின் சொந்த ஊரே அவருக்கு வதையாயிற்று. தோழனோடு கண்டு களித்தவையெல்லாம் அவனின்றி வெறுப்பூட்டின. அழுகை ஒன்றே இனித்தது. அவன் இல்லாத ஊரில் இருக்க மாட்டாமல் கார்த்தேஜ் நகருக்குப் போய்விட்டார். இருபது ஆண்டுகளுக்குப் பின், ஹிப்போ நகரின் ஆயராய் இருந்து தம் வாழ்க்கையை இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் நான்காம் பகுதியில் இவற்றையெல்லாம் அவர் விவரிக்கின்றார்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இன்பமான நாட்களை மட்டும் எழுதித் தம் துயரை அவர் ஆற்றியிருக்கலாம். எழுதுகின்றவர் பெயர்பெற்ற ஆயர். மறுத்துப் பேச இறந்தவன் எழுந்து வரப்போவதில்லை. எனினும், தோழன் தம்மைக் கடிந்துகொண்ட அந்தக் கணத்தை அவர் மறைக்கவில்லை. நட்பு என்பது கூடிச் சிரிப்பதற்காக மட்டுமன்று, நெறி தவறும்போது இடித்துரைப்பதற்கே என்று வள்ளுவரும் ‘நட்பு’ அதிகாரத்தில் கூறுகின்றார். இருபத்திரண்டு வயதில் அகுஸ்தீனார் சிரிப்பைத் தேடினார். தோழனோ நட்பின் கடமையைச் செய்து முடித்துவிட்டுப் போனான். அவன் சொன்ன மறுப்பை மறவாமல் காத்ததே அவர் அவனுக்குச் செலுத்திய கடன் அன்றோ?

நாமோ இறந்த நண்பனை நமக்கு ஏற்றவாறு திருத்திக்கொள்கின்றோம். அவனது பிடிவாதமும் குறும்பும் மெல்ல உதிர்ந்துபோக, குறையற்ற ஓர் உத்தமன் எஞ்சுகின்றான். “அவன் இருந்திருந்தால் என் பக்கமே நின்றிருப்பான்” என்று அவனை நம் வழக்குக்குச் சாட்சியாகவும் அழைக்கின்றோம். உயிரோடிருப்பவனைப் பற்றி இப்படிப் பேசினால் அவன் மறுப்பான். இறந்தவன் மறுக்கமாட்டான். அதனாலேயே அவன் விடயத்தில் நாம் இருமடங்கு நேர்மையாய் இருக்கவேண்டும்.

நம் நாட்டில் இக்கடமை மேலும் பாரமானது. 1983 முதல் 2009 வரை நீண்ட யுத்தமும், 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையும் எத்தனை வகுப்புப் படங்களில் வெற்றிடங்களை விட்டுச் சென்றன! அவ்விளைஞர்களுள் பலரை உலகம் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. ஒருவர் தியாகி என்றார், ஒருவர் துரோகி என்றார். வேறொருவர் வெறும் எண்ணிக்கையில் சேர்த்தார். ஆனால் அவன் கணக்குப் பாடத்துக்கு அஞ்சியவன், மதிய உணவைப் பங்கிட்டவன், தோற்ற ஆட்டத்துக்காக இரண்டு நாள் பேசாதிருந்தவன் என்பது அருகில் அமர்ந்திருந்தவனுக்கே தெரியும். அந்தச் சிறு உண்மைகளைக் காப்பது அவனுடைய மனித மாண்பைக் காப்பதாகும்.

ஆகவே, வாசகர்களே, அவனுடைய தாய் இன்னும் இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆறுதல் மொழிகளைத் தேடி அலைய வேண்டாம். அவர் அறியாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்; மகனைப் பற்றிப் புதிதாய் ஒரு செய்தி கேட்கும் வாய்ப்பு அவருக்கு இனி வேறு எங்கே கிடைக்கும்? அவன் நம்மைக் கடிந்து சொன்ன வார்த்தை ஏதேனும் இருந்தால், அதை இன்றாவது நிறைவேற்றுங்கள். உயிரோடிருக்கும் தோழனிடம் பேசவேண்டியதைப் பிறகு பேசலாம் என்று ஒத்திவைக்காதீர்கள்.

சாகவேண்டிய ஒருவனைச் சாகாதவன் போல் நேசித்ததே தம் துயரின் மூலம் என்று அகுஸ்தீனார் பிற்காலத்தில் கண்டார். குறைவாய் நேசிக்கும்படி அவர் நமக்குப் போதிக்கவில்லை. நண்பனை இறைவனில் நேசிப்பவன் எவரையும் இழப்பதில்லை என்றே முடிக்கின்றார். இறைவன் அந்தத் தோழனை முழுமையாய் அறிவார். நாம் அறிந்த சிறு பகுதியையேனும் பொய் கலவாமல் வைத்திருப்போம். மீண்டும் அவனைக் காணும் நாளில், “என்னை நான் இருந்தபடியே நினைத்திருந்தாய்” என்று அவன் சொல்லத்தக்கதாய் அது இருக்கட்டும்.