கயிறு யார் கையில்?

முத்துக் குளிக்க மூழ்குபவரின் உயிர்க்கயிற்றைத் தோணியில் அவருடைய மைத்துனரே பிடித்திருப்பார் என்று நம் முத்துக்குளித்துறையில் சொல்வார்கள். தன் உடன்பிறந்தாள் தாலியறுக்க அவர் சம்மதியார் அல்லவா! தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு அந்தப் பெருங்குளிப்பு ஓய்ந்தது. மணப்பாட்டுக் குகையில் செபிக்கும்போதும், திருச்செந்தூரில் கடலாடி எழும் நம் அயலாரைக் காணும்போதும் அந்தக் கயிறு நம் நினைவுக்கு வருகிறது. ஆன்ம ஆழத்தில் மூழ்கும் நாம் அதை யார் கையில் கொடுக்கிறோம்?

இலங்கையிலிருந்து ஆதரவற்ற சிறாரோடு வந்து, திருச்சி அருகே ஆசிரமம் கண்டவர் பிரேமானந்தா. 1994-இல் கைதானார். சிறுமியரும் இளம்பெண்களுமாகப் பதின்மூவரைக் கெடுத்ததற்கும் ஒரு கொலைக்கும் 1997-இல் புதுக்கோட்டை நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றமும் 2005-இல் அதை உறுதி செய்தது. ஆயினும் அவர் குற்றமற்றவர் என்றே அடியார் பலர் சாதித்தனர்.

பிறர் கதையென்று நாம் ஆறுதல் கொள்ள வழியில்லை. மனவளர்ச்சி குன்றியோருக்காக 1964-இல் லார்ச் இல்லங்களைத் தொடங்கிய ஜான் வனியேயை நாமும் புனிதராகவே எண்ணினோம். அவர் மறைந்த மறு ஆண்டு, 2020-இல், ஆன்ம வழிகாட்டுதல் என்ற போர்வையில் ஆறு பெண்களை அவர் தவறாகப் பயன்படுத்தியதை லார்ச் அமைப்பே வெளியிட்டது. அவருடைய குருவான தோமா பிலிப் அடிகளாரை அதே குற்றத்திற்காகத் திருச்சபை 1956-இலேயே தண்டித்திருந்தது. சீடருக்கு அது தெரியும்.

ஏன் கண்மூடுகிறோம்? குழந்தைப் பருவத்தில் தந்தையிடம் தேடியதை நோயாளி மருத்துவர்மேல் ஏற்றிவிடுகிறார் என்றார் பிராய்டு. நாமும் குருவின்மேல் ஏற்றுகிறோம். ஏற்றியதை அவரும் தம்முடையதென்றே நம்பத் தொடங்குகிறார். பிறகு அவரை ஐயுறுவது, அவர் காலடியில் நாம் சிந்திய கண்ணீரையே ஐயுறுவதாகிவிடுகிறது. குருவைக் காப்பதாக எண்ணி நம்மையே காத்துக்கொள்கிறோம்.

பணியாளரின் பாவம் அருட்சாதனத்தைக் கெடுப்பதில்லை என்று புனித அகுஸ்தீனார் கற்பித்தது மெய். பெற்ற அருள் பொய்யாகாது. ஆனால் அந்த ஆறுதலைப் பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்கவும் நாம் பயன்படுத்தியிருக்கிறோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடியில் இருப்பவர் கயிற்றை அசைத்தால், மேலிருப்பவர் காரணம் கேளாமல் இழுக்க வேண்டும். அந்த ஆசிரமத்துச் சிறுமியர் எத்தனை முறை அசைத்தார்களோ! தோணியில் இருந்த நாம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்.