வெண்ணெய் திருட ஆளில்லாத ஆயர்பாடி

பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போனதுமே நம் வீடுகளில் வேண்டுதல்கள் ஆரம்பமாகிவிடும். கடலூருக்கு அருகே திருவஹீந்திரபுரம் மலைமீது இருக்கும் ஹயக்ரீவருக்கு ஏலக்காய் மாலை, கூத்தனூர் சரஸ்வதி சந்நிதியில் பேனாவும் நோட்டும் வைத்துப் பூஜை, வியாழக்கிழமை தவறாமல் தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை... பிளஸ் டூ முடிவு வரும் நாளில் பிள்ளையார் கோயிலில் சிதறுகிற தேங்காய்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

வேண்டுதல் பலித்துவிடுகிறது. கோவையிலோ திருச்சியிலோ, இல்லை வடக்கே எங்கேயோ இடமும் கிடைத்துவிடுகிறது. பெட்டி, வாளி, போர்வை, பருப்புப்பொடி டப்பா என்று எல்லாவற்றையும் கட்டிக்கொடுத்து, ஹாஸ்டல் வாசலில் விட்டுவிட்டு வந்தாயிற்று. மறுநாள் காலையில் விளக்கேற்றிவிட்டு என்னவென்று வேண்டிக்கொள்வது? அதற்கு மட்டும் யாரும் நமக்கு ஸ்லோகம் சொல்லித் தரவில்லை.

அரிசி அளக்கும்போது கை பழக்கத்தில் ஓர் ஆழாக்கு அதிகம் போட்டுவிடுகிறது. மாவு செலவாகாமல் புளிக்கிறது. ஏழரை மணிக்குள் வீட்டையே இரண்டாக்கிய அந்த டிபன் பாக்ஸ், மேல் தட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. ராத்திரி போன் வருகிறது.

"சாப்பிட்டியாடா?"

"ம்."

"என்ன சாப்பிட்டே?"

"ஏதோ இருந்தது. அப்புறம் பேசறேம்மா."

அவ்வளவுதான். "நல்ல காரியத்துக்குத்தானே போயிருக்கான், இதுக்குப் போய் அழலாமா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். தாராளமாக அழலாம். ஸ்ரீமத் பாகவதத்தில் யசோதையே அழுதிருக்கிறாள்.

முதலில் தேவகியைப் பார்ப்போம். பிறந்த அன்று ராத்திரியே பிள்ளையைப் பிரிந்தவள் அவள். 11 ஆண்டுகள் கண்ணன் ஆயர்பாடியில் வளர்ந்ததாக பாகவதம் கணக்குச் சொல்கிறது. அத்தனை காலம் கழித்து, கம்ச வதம் முடிந்து, பிள்ளை வந்து காலில் விழுகிறான். அள்ளி மடியில் வைத்துக் கொள்கிறாள். சரி, இனியாவது அவனை வைத்துக்கொண்டு சீராட்டினாளா என்றால், இல்லை! கர்காச்சாரியார் பூணூல் போட்டுவைக்க, அண்ணன் பலராமனும் தம்பி கண்ணனும் அவந்திக்குக் கிளம்பிவிடுகிறார்கள், சாந்தீபனி முனிவரின் குருகுலத்துக்கு. அவந்தி என்பது இன்றைய உஜ்ஜயினி. மதுராவில் இருந்து கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். க்ஷிப்ரா நதிக்கரையில் உள்ள அந்த ஊரில் சாந்தீபனி ஆசிரமம் என்று இன்றும் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். அங்கேதான் 64 நாட்களில் 64 கலைகளையும் கண்ணன் கற்றான்.

11 வருஷம் காத்திருந்தவள், கைக்கு வந்த பிள்ளையை எப்படி மனசு வந்து அனுப்பினாள்? பாகவதம் அதைச் சொல்லவில்லை. குலசேகராழ்வார் மட்டும், பிள்ளையின் மழலையைத் தான் அனுபவிக்கவில்லையே என்று தேவகி புலம்புவதாக, பெருமாள் திருமொழியில் ஒரு பதிகமே பாடிவைத்திருக்கிறார். இவ்வளவு ஏக்கம் உள்ளவள்தான் படிப்பதற்கு அனுப்பினாள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

குருகுலத்தில் கண்ணனுக்கு ராஜ உபசாரமெல்லாம் கிடையாது. குருபத்தினி விறகு கொண்டு வரச் சொல்லி அனுப்பி, கண்ணனும் குசேலரும் காட்டில் மழையிலும் காற்றிலும் திசை தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்கக் கைகோத்துக்கொண்டு அலைந்த கதை நமக்குத் தெரியும். அந்த ராத்திரி பற்றி மதுராவில் இருந்த தேவகிக்குத் தெரிந்திருக்குமா? ஹாஸ்டலில் பிள்ளைக்கு ஜுரம் வந்து போனதே தீபாவளி லீவில் பேச்சுவாக்கில்தானே நமக்குத் தெரியவருகிறது! ஆனால், விடிந்ததும் சாந்தீபனியே பிள்ளைகளைத் தேடிக்கொண்டு காட்டுக்கு வந்தார். அந்த ராத்திரியில் பக்கத்தில் நின்ற குசேலர்தான் கண்ணனுக்குக் காலத்துக்கும் நண்பர். வேண்டிக்கொள்ள விஷயம் இல்லையே என்று நினைப்பவர்கள், 'என் பிள்ளைக்கு ஒரு சாந்தீபனியையும் ஒரு குசேலரையும் கொடு' என்று கேட்கலாமே!

யசோதையின் கதை வேறு. மதுராவுக்குக் கண்ணனோடு போன நந்தகோபர், வெறும் கையோடு திரும்பி வருகிறார். 'நீங்கள் போங்கள், பிறகு வந்து பார்க்கிறேன்' என்று பிள்ளை சொல்லி அனுப்பிவிட்டான். வாசலில் நின்றவளிடம் அவர் என்ன சொல்லியிருப்பார்? நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

பிற்பாடு உத்தவரை அனுப்புகிறான் கண்ணன். இன்றைய வீடியோ கால் மாதிரி, அன்றைக்கு உத்தவர்! ராத்திரி முழுக்க நந்தகோபர்தான் பேசுகிறார். மலையைத் தூக்கினானே, காளியனை அடக்கினானே என்று மாய்ந்து மாய்ந்து சொல்கிறார். யசோதை பேசுவதாக அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கண்ணில் நீர் வழிகிறது. மார்பில் பால் சுரக்கிறது. அப்பாக்கள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள், அம்மாக்களால் அது முடிவதில்லை என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

அந்த ராத்திரி விடிகிற நேரத்தில் வியாசர் ஒரு காட்சி காட்டுகிறார். உபன்யாசங்களில் பெரும்பாலும் சட்டென்று தாண்டிப் போய்விடும் இடம் இது. ஆயர்பாடிப் பெண்கள் எழுந்திருக்கிறார்கள். விளக்கேற்றுகிறார்கள். வீட்டுக்கு உரிய பூஜையைச் செய்கிறார்கள். பிறகு, தயிர் கடைய உட்காருகிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் நகைகள் மின்ன, வளையல் கை கயிற்றை இழுக்க, கண்ணனைப் பாடியபடியே கடைகிறார்கள். அந்தப் பாட்டும் மத்தின் ஓசையும் சேர்ந்து எல்லாத் திசைகளின் அமங்கலத்தையும் போக்கியதாம்.

சகோதரிகளே, ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். வெண்ணெய் திருட ஆளே இல்லாத ஊர் அது! உறியை எட்டாத உயரத்தில் கட்ட வேண்டாம், கதவைத் தாழிட வேண்டாம். 'இனி யாருக்காகக் கடைவது?' என்று மத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர்கள் போடவில்லை. அழுதுகொண்டே இருந்திருக்கலாம். ஆனால், விளக்கும் எரிந்தது, தயிரும் கடையப்பட்டது.

'ரெண்டு பேருக்கு என்னத்தை சமைக்கறது' என்று ரசத்தோடு நிறுத்திக்கொள்வதும், வெள்ளிக்கிழமை பாயசத்தை விட்டுவிடுவதும் இன்று பல வீடுகளில் நடக்கின்றன. அப்படி விடாதீர்கள். கால் லிட்டர் பாலில் வைத்தாலும் பாயசம் பாயசம்தான். நைவேத்தியம் ஆனதும், எதிர் ஃபிளாட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கு ஒரு கிண்ணம் கொடுக்கலாம். பேச்சிலர் பையன்கள் தங்கியிருக்கும் வீடு இருந்தால் இன்னும் விசேஷம். அவர்களும் யாரோ ஒரு யசோதையின் பிள்ளைகள்தான்.

இன்னொரு விஷயம். கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது குருக்களோ பட்டாச்சாரியாரோ பெயர், நட்சத்திரம் கேட்பார்கள். பிள்ளை பெயர், பெண் பெயர், கணவர் பெயர் எல்லாம் மடமடவென்று வரும். 'உங்க நட்சத்திரம்?' என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கிறவர்களும் உண்டு! திருவல்லிக்கேணிக்குப் போனால் பாருங்கள். கருவறையில் வேங்கடகிருஷ்ணன் குடும்ப சமேதராக நிற்கிறார். ருக்மிணி, அண்ணன் பலராமன், தம்பி சாத்யகி, மகன் பிரத்யும்னன், பேரன் அநிருத்தன் என எல்லோரும் இருக்கிறார்கள். பெற்றவளும் வளர்த்தவளும்தான் இல்லை! அது அவன் பாடு. நாமாவது, அடுத்த முறை தட்டைக் கொடுக்கும்போது நம் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொல்வோம்.

யசோதைக்குப் பிள்ளையைப் பார்க்கும் நாளும் வந்தது. அது கண்ணன் துவாரகைக்குப் போய், கல்யாணம், குழந்தைகள் எல்லாம் ஆன பிறகு. முழு சூரிய கிரகணத்துக்காகக் குருக்ஷேத்திரத்தில் எல்லோரும் கூடுகிறார்கள். கண்ணனும் பலராமனும் ஓடிவந்து கட்டிக்கொண்டபோது, தொண்டை அடைத்து அவர்களால் பேச முடியவில்லையாம். யசோதை அவர்களை மடியில் இருத்திக்கொள்கிறாள். அப்போது ரோகிணியும் தேவகியும் வந்து அவளைத் தழுவிக்கொண்டு, 'கண் இமை போல எங்கள் பிள்ளைகளைக் காத்தாயே, இந்திரனின் செல்வத்தைக் கொடுத்தாலும் ஈடாகுமா?' என்கிறார்கள்.

கிரகண ஸ்நானம் முடிந்தது. யாகம் முடிந்தது. வந்த மன்னர்களும் முனிவர்களும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். நந்தகோபர் மட்டும், 'இன்றைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன்' என்று சொல்லிச் சொல்லியே மூன்று மாதம் அங்கேயே இருந்தாராம்!