கொலைக்கருவியைக் காத்தல் அறமாகுமா?

ஒரு கொலைக்கருவி பழுதடைந்து கிடக்கிறது. அதனைச் சிலர் துடைத்துத் துரு நீக்குகின்றனர். உடைந்த உறுப்புகளைப் புதிதாய்ச் செய்து பொருத்துகின்றனர். மழையும் வெயிலும் படாத கூரையின்கீழ் நிறுத்திப் பேணுகின்றனர். இப்பணியை ஊதியம் ஏதுமின்றி ஆண்டுக்கணக்கில் செய்கின்றனர். இவர்கள் செய்வது நல்வினையா, தீவினையா? கொல்லாமையை அறங்களுக்கெல்லாம் தலையாயதாகக் கொண்ட நாம் இவ்வினாவை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. "ஆயுதத்தைப் பேணுவதாவது!" என்று முகம் சுளித்து அப்பால் செல்வதும் தகாது. சற்றே நின்று எண்ணிப் பார்ப்போம்.

பொதுப்பட ஆராய்வதினும் உண்மை நிகழ்வொன்றைக் கொண்டு ஆராய்வது தெளிவு தரும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டானியர் பயன்படுத்திய குண்டுவீச்சு விமானங்களுள் 'ஹாலிபாக்ஸ்' என்பது ஒன்று. ஹேண்ட்லி பேஜ் என்னும் நிறுவனத்தார் வகுத்தமைத்தது. நான்கு எஞ்சின்கள் உடையது. பெரும்பாலும் எழுவரைச் சுமந்து சென்றது. இவ்வகை விமானங்கள் 6,000-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. போரில் அழிந்தவை போக எஞ்சியவற்றைப் போருக்குப் பின்னர் உடைத்தனர், உலோகத்தை உருக்கினர். ஒன்றையேனும் முழுமையாக வைத்துக்கொள்வோம் என்று அந்நாளில் எவரும் முனையவில்லை. இன்று உலகில் விமானம் என்று சொல்லத்தக்க உருவில் காணக் கிடைப்பவை மூன்றே. அம்மூன்றும் மூன்று வேறு வழிகளில் காக்கப்பட்டமையே நம் சிந்தனைக்குரியது.

முதலாவது, லண்டன் மாநகரின் ஹெண்டன் பகுதியிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் இருப்பது. 1942 ஏப்ரல் 27 அன்று இரவு, நார்வே நாட்டுக் கடற்கழியில் நின்ற டிர்பிட்ஸ் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலைத் தாக்கச் சென்று, அடிபட்டு, உறைந்து கிடந்த ஹோக்லிங்கன் ஏரியின்மேல் இறங்கியது அது. அதிலிருந்த அனைவரும் உயிர் தப்பினர். ஒருவர் தவிர மற்றோர் நடந்தே சுவீடன் நாட்டை அடைந்தனர். காலில் காயமுற்ற அந்த ஒருவர் சிறைப்பட்டார். பனிக்கட்டி உருகவே விமானம் ஏரியில் மூழ்கியது. 1973-இல் அதனை வெளிக்கொணர்ந்தனர். ஆயினும் புதிதுபோல் ஆக்க முற்படாமல், பெரும்பாலும் ஏரி அளித்த நிலையிலேயே, மேலும் கெடாதபடி காத்துப் பார்வைக்கு வைத்தனர்.

இரண்டாவது, கனடா நாட்டின் டிரென்டன் நகரில் உள்ளது. 1945 ஏப்ரல் மாதம், போர் முடிவதற்கு இரண்டு வாரமே இருந்த வேளையில், நார்வே நாட்டு விடுதலைப் போராளிகளுக்குப் பொருள்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சுடப்பட்டு மியோசா ஏரியில் வீழ்ந்தது. இருந்த அறுவருள் ஐவர் மாண்டனர். 1995-இல் 200 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து அதனை மேலே கொணர்ந்தனர். டிரென்டன் அருங்காட்சியகத்தில் தொண்டர்கள் பத்தாண்டுக் காலம் உழைத்து, 2005-இல் அது புறப்பட்ட நாளில் இருந்த தோற்றத்திற்கே அதனைக் கொண்டுவந்தனர்.

மூன்றாவது, இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், எல்விங்டன் என்னும் சிற்றூரில் இருப்பது. இதன் வரலாறு விந்தையானது. ஸ்காட்லாந்தைச் சார்ந்த லூயிஸ் தீவில், ஹாலிபாக்ஸ் விமானமொன்றின் உடற்பகுதி போருக்குப் பின் கோழிக்கொட்டிலாகப் பயன்பட்டு வந்தது. அதனை வாங்கி வந்தனர். இறக்கைகளை அதே நிறுவனம் பின்னாளில் கட்டிய ஹேஸ்டிங்ஸ் என்னும் போக்குவரத்து விமானத்திலிருந்து எடுத்தனர். எஞ்சின்கள் பிரான்சிலிருந்து வந்தன. கிடைக்காத உறுப்புகள் பலவற்றைத் தாமே செய்தனர். 1996 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை அன்று விமானத்தைக் கொட்டகையிலிருந்து வெளியே உருட்டி வந்தனர். அந்நாளைத் தேர்ந்தது காரணத்தோடுதான். 13-ஆம் நாளும் வெள்ளியும் கூடுவதை மேலைநாட்டார் தீய நாளாகக் கருதுவர். அந்த நம்பிக்கையை எள்ளி, 'வெள்ளிக்கிழமை 13' என்றே பெயர் சூட்டிக்கொண்டு 128 முறை போருக்குச் சென்று மீண்ட ஹாலிபாக்ஸ் ஒன்று உண்டு. 1945-இல் லண்டன் தெருவொன்றில் மக்கள் காண நிறுத்தப்பட்டு, பின் அதுவும் உடைக்கப்பட்டது. அதன் பெயரையே எல்விங்டன் விமானம் இன்று தாங்கி நிற்கிறது.

இனி, இத்தகைய செப்பனிடும் பணியின் தன்மையைச் சிறிது நோக்குவோம். விமானத்தின் தோல் மெல்லிய அலுமினியக் கலவைத் தகடு. ஈரம் பட்ட இடத்தில், எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் விரைந்து அரிக்கப்படும். மக்னீசியம் கலந்த உறுப்புகளோ இன்னும் விரைவாகக் கரைந்துபோகும். எனவே ரிவெட் ஆணிகளை ஒவ்வொன்றாய்த் துளையிட்டு நீக்கித் தகட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் சட்டங்களைத் தேர்ந்து, ஆகாதனவற்றை மாற்றி, மீண்டும் ஆணி அடித்து மூட வேண்டும். அந்த ஆணியை ஒருவர் தனியே அடிப்பது அரிது. வெளியே நின்று ஒருவர் அடிக்க, விமானத்தின் உள்ளே குனிந்தும் ஒடுங்கியும் கிடந்து மற்றொருவர் இரும்புக் கட்டையை ஆணியின் மறுமுனையில் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவர் பிடி தளர்ந்தால் ஆணி கோணும். காண வருவோர் கண்ணுக்கு வெளிப்புறத்து ஆணித்தலைகளே புலப்படும். உள்ளே கிடந்து பிடித்தவரின் உழைப்பு எவர்க்கும் தெரியாது. இவ்வாறு பல்லாயிரம் ஆணிகள்! இதனைச் செய்வோருள் பெரும்பாலோர் ஓய்வு பெற்றோர். பயன் கருதாப் பணி, பொறுமை, கூட்டுழைப்பு, அறிந்ததை இளையோர்க்குக் கற்பித்தல் ஆகிய நற்குணங்கள் யாவும் இங்கே உள்ளன. இதில் ஐயமில்லை.

ஆயினும் நற்குணங்கள் எதன்பொருட்டுச் செலவிடப்படுகின்றன என்று கேட்பதும் நம் கடமை. ஹாலிபாக்ஸ் எதற்காகக் கட்டப்பட்டது? நகரங்களின்மேல் குண்டு பொழிவதற்காக. 1943 ஜூலை மாத இறுதியில் ஹாம்பர்க் நகரை எரித்த விமானக் கூட்டங்களில் ஹாலிபாக்சும் இருந்தது. அந்நாள்களில் அந்நகரில் மாண்டோர் ஏறத்தாழ 37,000 பேர்; அவருள் முதியோரும் பெண்டிரும் மழலைகளும் அடங்குவர். மறுபுறம், பிரிட்டானியக் குண்டுவீச்சுப் படையில் பறந்தோருள் 55,573 பேர் அப்போரில் உயிரிழந்தனர். அவருள் பலர் இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர். அவர்கள் எதிர்த்து நின்றதோ கொடுங்கோன்மைகளுள் கொடியதான ஒன்று. இவ்வளவும் அந்த ஒரு தகட்டுக்கூட்டினுள் அடங்கியிருக்கின்றன.

நம் முன்னோர் வினையை மூவகையாகப் பகுத்துக் காட்டியுள்ளனர்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல். உடன்பாட்டை அனுமோதனை என்பர். இப்பகுப்பு இவ்விடத்தில் நமக்குப் பெரிதும் துணைசெய்கிறது. பழுது பார்க்கும் தொண்டர் கொலையைச் செய்தவரல்லர், செய்வித்தவருமல்லர். அவ்விமானம் இனிக் குண்டு வீசப்போவதுமில்லை. ஆகவே எஞ்சி நிற்கும் வினா ஒன்றே. அவர் பேணுவது, நடந்த கொலைக்கு உடன்படுவதாகுமா?

இதற்கு விடை ஆணியடிக்கும் செயலில் இல்லை என்பது நம் துணிபு. அந்த விமானத்தின் அருகே எது சொல்லப்படுகிறது, எது சொல்லப்படாமல் விடப்படுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமா நகரின்மேல் அணுகுண்டு வீசிய எனோலா கே என்னும் விமானத்தை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் பாதுகாத்து வருகிறது. 1984 டிசம்பரில் தொடங்கிய செப்பனிடும் பணிக்கு ஏறத்தாழ 3,00,000 மணி நேர உழைப்பு செலவாயிற்று. குண்டுவீச்சின் ஐம்பதாம் ஆண்டையொட்டி, விமானத்தோடு அக்குண்டால் மாண்டோரின் துயரையும், அதனை வீசியது முறையா என்னும் வாதத்தையும் சேர்த்துக் காட்ட அந்நிறுவனத்தார் திட்டமிட்டனர். போர்வீரர் சங்கங்களும் அரசியலாரும் கடுமையாக எதிர்க்கவே, 1995 ஜனவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் விமானத்தின் முற்பகுதி மட்டும், சுருங்கிய விளக்கத்தோடு காட்சிக்கு வந்தது. எதிர்த்த வீரர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. தம் தோழர் பலரை இழந்தவர்கள் அவர்கள். தம்மைக் கொலைஞராக மட்டும் உலகம் காணுமோ என்று அஞ்சினர். அவ்வச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும், வானில் இருந்தவர் கதையை மட்டும் சொல்லித் தரையில் இருந்தவர் கதையை மறைத்தால், பளபளக்கும் அவ்வுலோகம் தானே ஒரு புகழுரை ஆகிவிடுகிறது. அனுமோதனை நுழையும் வாயில் இதுவே.

இதற்கு மாறான செயலும் உண்டு. பெல்ஜியம் நாட்டுச் சதுப்பு நிலமொன்றில் 1944 மே மாதம் வீழ்ந்து புதைந்த ஹாலிபாக்ஸ் ஒன்றை 1997-இல் தோண்டினர். அதனுள் இருந்த மூவரின் எச்சங்களை மரியாதையோடு அடக்கம் செய்தனர். அதன் உலோகத்தில் ஒரு பகுதி, 2012-இல் லண்டனில் திறக்கப்பட்ட குண்டுவீச்சுப் படையினர் நினைவகத்தின் கூரைக்குப் பயன்பட்டது. அந்த நினைவகத்தில், தம் வீரர்க்கு மட்டுமின்றி, அப்போரின் குண்டுவீச்சுகளில் மாண்ட எல்லா நாட்டு மக்களுக்கும் அது நினைவுச்சின்னம் என்று பொறித்துள்ளனர். பகைவராய் இருந்தோரின் மாண்டாரையும் சேர்த்து எண்ணிய அந்த ஒரு வரி, அதனைப் போற்றுதலினின்று பிரித்து நினைத்தலாக மாற்றிவிடுகிறது.

இனி மூன்று ஹாலிபாக்சுகளுக்குத் திரும்புவோம். அவற்றுள் எது மெய்யானது? ஹெண்டன் விமானமே மெய், மற்றவை ஒப்பனை என்பார் உளர். இதனை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. ஹெண்டனில் உள்ளது அழிவின் உண்மையைக் காட்டுகிறது. டிரென்டனில் உள்ளது, அதனுள் அமர்ந்து சென்ற இளைஞர் எத்துணை ஒடுங்கிய இடத்தில், எத்துணைக் குளிரில் இருந்திருப்பர் என்னும் உண்மையைக் காட்டுகிறது. எல்விங்டனில் உள்ளது ஒருவகையில் அவ்விமானம், ஒருவகையில் அன்று. உடல் ஒன்றன் உடல், இறக்கை வேறொன்றன் இறக்கை, பெயர் பிறிதொன்றன் பெயர். ஒரு பொருளைப் பல நோக்கில் கண்டு சொல்லப் பழகிய நமக்கு இது முரணாகத் தோன்ற வேண்டியதில்லை. எந்த நோக்கில் சொல்கிறோம் என்பதை மறைக்காமல் சொன்னால் போதும். "இது கோழிக்கொட்டிலாய் இருந்தது, இது வேறு விமானத்தின் இறக்கை, இது நாங்கள் செய்தது" என்று அறிவித்துவிட்டால் அங்கே பொய் இல்லை. செல்லரித்த ஏட்டைப் பதிப்பிக்கும் புலவர், எழுத்து மறைந்த இடத்தில் தம் சொல்லை இட்டு நிரப்பாமல் புள்ளி வைத்து விடுவது வழக்கம். விடுபட்டது இன்னதென்று தெரிந்துகொள்ளும் உரிமை படிப்பவர்க்கு உண்டு. விமானம் காண வருவோர்க்கும் அவ்வுரிமை உண்டு.

ஆகவே கொலைக்கருவியைக் காப்போர்க்கு இரு கடமைகள் உள என்று கொள்வோம். பொருளைப் பற்றி மெய் சொல்லுதல் ஒன்று. அப்பொருளால் விளைந்ததைப் பற்றி மெய் சொல்லுதல் மற்றொன்று. முதற்கடமையைத் தொண்டர் பலர் வியக்கத்தக்க நேர்மையோடு ஆற்றுகின்றனர். இரண்டாவது கடினமானது. அதற்கு உளியும் சுத்தியும் போதா. தம்மவர் செய்ததையும் தயங்காது சொல்லும் துணிவு வேண்டும். இரண்டும் சேர்ந்த இடத்தில் அப்பணி குற்றமற்றது என்பதோடு, நல்வினையும் ஆகும் என்று நாம் துணிந்து கூறுவோம். ஏனெனில், உருக்கி மறைக்கப்பட்ட விமானங்கள் எவர்க்கும் எதனையும் கற்பிக்கவில்லை. எஞ்சிய மூன்றும் கேட்போர்க்குக் கற்பிக்க வல்லவை.

ஒன்றை மட்டும் பெற்றோர்க்குச் சொல்லி முடிப்போம். ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றவற்றுள் முதன்மையானது, விடையைச் சொல்வதினும் தக்க வினாவைக் குழந்தையின் கையில் கொடுப்பதே சிறந்தது என்பது. நம் பிள்ளைகள் இன்று பல நாடுகளில் படிக்கின்றனர், பணிபுரிகின்றனர். பேரக்குழந்தைகளை அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் செல்லும் வாய்ப்பு நம்மில் பலர்க்கு உண்டு. பழம்பெரும் போர் விமானத்தின் முன்னே குழந்தை வியந்து நிற்கும், நிற்கட்டும். "எவ்வளவு வேகம்? எவ்வளவு உயரம்?" என்று கேட்கும்; அறிந்தவாறு சொல்வோம். அதனை இவ்வாறு ஆக்கி வைத்த தொண்டரின் உழைப்பையும் எடுத்துச் சொல்வோம். அதன்பின், "இது பறந்துபோனபோது கீழே யார் இருந்தார்கள்?" என்று குழந்தையைக் கேட்போம். விடையை அக்குழந்தை அங்கேயே தேடட்டும். அங்கே எழுதியிருந்தால் படிக்கட்டும், எழுதியில்லையேல், "ஏன் எழுதவில்லை?" என்று அதுவே நம்மைக் கேட்கட்டும்.