பாகுதா ஆறும் இளஞ்சிறார் குற்றமும் – ஓர் அறவியல் நோக்கு

சித்தூர் – திருப்பதி நெடுஞ்சாலையில் உள்ள புத்தலப்பட்டுக்கு அண்மையில் காணிப்பாக்கம் அமைந்துள்ளது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அவ்வட்டாரத்தில், காணிப்பாக்கத்து ஆற்றுக்குப் பாகுதா என்னும் பெயர் வந்தமைக்கு ஒரு கதை கூறப்படுகிறது. சங்கன், லிகிதன் என்னும் உடன்பிறந்தார் பயணம் சென்றபோது, இளையவன் பசி தாளாது, தமையன் தடுத்தும் கேளாமல் பிறர் தோப்பில் மாங்கனி பறித்து உண்டான். வழக்கு அரசனிடம் சென்றது. அவன் கைகள் துண்டிக்கப்பட்டன. ஆற்றில் நீராடியபோது அவை மீண்டும் வளர்ந்தன. ‘பாகு’ என்பது கை. அதனைத் தந்தமையின் பாகுதா ஆயிற்று.

இக்கதை மகாபாரதச் சாந்தி பருவத்திலும் உண்டு. அங்கு மன்னன் சுத்யும்னன் மன்னிக்கவே விழைகிறான். லிகிதனே தண்டனையை வேண்டிப் பெறுகிறான். கைகள் மீண்டபின், இத்தகைய தவவலிமை உடைய நீர் என்னை முன்னரே தூய்மைப்படுத்தாதது ஏன் எனத் தமையனை வினவுகிறான். ஒறுத்தல் தன் கடமையன்று, அரசன் கடமை என்பது விடை. கதையின் உயிர் இவ்வினாவிலேயே உள்ளது. தண்டனை வேண்டும், ஆனால் அதன் வடு நிலைக்கலாகாது என்னும் கருத்து இதனுள் பொதிந்திருக்கிறது.

1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம் இயற்றப்பட்டபோது சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. அன்று தொடங்கிய போக்கின் முதிர்ச்சியை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் காணலாம். பதினெட்டு வயது நிரம்பாதவரைக் காவல் நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ வைத்தலாகாது. மூன்றாண்டு வரை மட்டுமே சிறைத்தண்டனைக்குரியவை சிறு குற்றங்கள். முதன்முறைத் திருட்டும் அவற்றுள் அடங்கும். இவற்றின் விசாரணை, நீட்டித்த காலத்திற்குள்ளும் முடியாதெனில் கைவிடப்படும். அறிவுரை, சமூகப்பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு போன்றனவே ஆணைகளாக அமையும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலும் அதனால் தகுதியிழப்பு இல்லை என்கிறது 24ஆம் பிரிவு. உரிய காலத்திற்குப்பின் பதிவேடும் அழிக்கப்பட வேண்டும்.

நிகழ்ந்ததன் சான்றை அழிப்பது வாய்மைக்கு முரணாகாதா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. பிறர் செய்த மிகையைப் பொறுத்தலினும் மறத்தல் நன்று என்பது வள்ளுவர் கருத்து (குறள் 152). ஆயினும் அது தீங்குற்ற தனிமனிதருக்குக் கூறிய அறம். கனி இழந்த தோப்புக்காரர் மறக்கலாம், அவர்பொருட்டு அரசு மறக்க இயலுமா? இங்கு நுண்ணிய வேறுபாடு ஒன்றுண்டு. சட்டம் நிகழ்ச்சியை மறுக்கவில்லை. அதைச் செய்த சிறுவனையே பின்னாளில் அங்கு நிற்கும் ஆளாகக் கொள்ள மறுக்கிறது. லிகிதன் உண்ட கனி மரத்துக்குத் திரும்பவில்லை, கைகளே திரும்பின.

நடைமுறையோ இத்துணைத் தெளிவுடையதன்று. சிறு குற்றத்தில் தனித்துச் சிக்கிய சிறுவன்மீது முதல் தகவல் அறிக்கை பதிவதில்லை. காவல் நிலைய நாட்குறிப்பில் மட்டுமே குறிக்க வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள். பெரியவருடன் சேர்ந்து செய்ததாயின் இவ்விலக்கு இல்லை. மாந்தோப்புகள் மலிந்த அம்மாவட்டத்தில் பதினாறு வயதினன் இருபது வயதினனோடு தோப்புக்குள் நுழைவது அரிதன்று. அப்போது மூத்தவனின் வழக்கேட்டில் இளையவன் பெயரும் ஏறிவிடுகிறது. சிறாராக இருந்தபோது எழுந்த வழக்கில் விடுதலை பெற்றவருக்கே மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையில் பணி மறுக்கப்பட்டு, அவர் உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. 2019இல் அந்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வளவு தொலைவு செல்ல வழியற்ற சிறுவனுக்குப் பாகுதா எங்கே ஓடுகிறது?